மூன்றாவது மதிப்பு

பிரோகேட் நிறுவனத்தின் புதிய சில்க்வார்ம் 3900 ஃபைபர் சானல் ஸ்விட்சைப் பழைய சில்க்வார்ம் 2800-உடன் இணைக்குமுன், பழையதில் 'கோர் பிஐடி' என்னும் அமைப்பைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே வலையமைப்பாக, அதாவது ஃபேப்ரிக்காகச் சேராமல் பிரிந்து நின்றுவிடும் என்று எனக்குத் தொழில் கற்பித்தவர்கள் சொன்னார்கள். அது ஸ்விட்சும் ஸ்விட்சும் ஒத்துப்போவதற்கான ஏற்பாடு என்பதே அவர்கள் தந்த விளக்கம். ஆனால் அந்த அமைப்புக்குப் பூஜ்யம், ஒன்று, இரண்டு என மூன்று மதிப்புகள் இருந்தன. பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டே போதுமாயிருக்க, மூன்றாவது எதற்காக என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவேயில்லை.

முதலில் ஃபைபர் சானல் நியமத்தையே ஆதாரமாகக் கொண்டு தேடினேன். விலாசம் 24 பிட் கொண்டது. டொமைன், ஏரியா, போர்ட் என எட்டெட்டாகப் பிரிவது. ஏரியாவை ஸ்விட்ச் தன் போர்ட்களுக்கு எவ்வாறு பங்கிட்டாலும் நியமத்துக்கு ஆட்சேபம் இல்லை. பிரோகேட் நிறுவனத்தின் பழைய முறையிலோ ஏரியாவின் முதல் இலக்கம் எப்போதும் 1 என்றே நிலைத்திருக்க, அடுத்த ஒற்றைப் பதின்அறும இலக்கமே போர்ட்டைக் குறித்தது. ஆகையால் 16 போர்ட்களுக்கு மேல் அதில் இடமில்லை. 32 போர்ட் கொண்ட 3900 போன்றவை வந்தபோது அந்த ஒன்றை நீக்கி, ஏரியா முழுவதையும் போர்ட்டுக்கே கொடுத்தார்கள். முதலாம் டொமைனின் பூஜ்ய போர்ட், 011000 என்றிருந்தது போய், 010000 ஆயிற்று. பூஜ்யமும் ஒன்றும் இவ்வாறு விளங்கின. இரண்டை மட்டும், ஸ்விட்ச் வகைகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்த்தும், எந்த ஜோடியும் வேண்டி நிற்பதாகத் தெரியவில்லை.

எச்பி-யூஎக்ஸ் இயங்குதளச் சர்வர்களை நெடுங்காலம் பராமரித்த பெரியவர் ஒருவரிடம் கேட்கப் போனேன். நான் ஸ்விட்சைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவர் டிஸ்க்கைப் பற்றியே பேசினார். எத்தனை முறை திருப்பினாலும் பிடிவாதமாக அங்கேயே வந்து நின்றார். கடைசியில், சர்வர் காணும் சாதனங்களைப் பட்டியலிடும் ஐஓஸ்கேன் கட்டளையின் முடிவைத் திரையில் காட்டி, "தம்பி, ஸ்விட்சை விடுங்க, இந்தப் பாதையைப் படிங்க" என்றார். அடாப்டரை அடுத்து 1.16.0 என்றிருந்தது. டொமைன் 1, பதின்அறும இலக்கத்தில் 10 ஆன ஏரியா, இங்கே தசமத்தில் 16 ஆகி நிற்கிறது, அந்த 16 பழைய முறையின் பூஜ்ய போர்ட்டையே குறிக்கிறது.

என் விசாரணையின் திசை அந்தக் கணத்திலேயே மாறிவிட்டது. ஸ்விட்ச் கொடுத்த விலாசத்தைச் சர்வர் தன் டிஸ்க்கின் பெயருக்கே மூலமாகக் கொண்டிருந்தது. ஏஐஎக்ஸ் இயங்குதளமும் அக்காலத்தில் அவ்வாறே விலாசத்தை நம்பியிருந்தது. எனவே பூஜ்யத்தை ஒன்றாக மாற்றினால் 16 போய் 0 வரும், பாதை மாறும், டிஸ்க் வேறு பெயரில் எழும், வால்யூம் குரூப்களையெல்லாம் ஏற்றுமதி செய்து மறுபடியும் இறக்குமதி செய்தாக வேண்டும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகவே இரண்டு என்ற மதிப்பு பிறந்தது. அதில் பூஜ்யம் முதல் 15 வரையிலான போர்ட்கள் பழைய விலாசத்தையே வைத்துக்கொள்ள, 16-ஆம் போர்ட் பதின்அறும 20 என்று தொடர்கிறது. ஸ்விட்சின் வசதிக்கென அல்லாமல், அதன் மறுமுனையில் இருக்கும் சர்வரின் அமைதிக்கென ஒருவர் யோசித்துச் செய்த காரியம் இது என்று அறிந்தபோது எனக்கு உண்டான ஆனந்தம் பெரிது.

2007-இல் வந்த எச்பி-யூஎக்ஸ் 11ஐ மூன்றாம் பதிப்பில், விலாசத்தைச் சாராத நிலையான டிஸ்க் பெயர்கள் கிடைத்தன. அதற்கு முந்திய சர்வர்களை இன்னும் பேணி வருபவர்கள், ஸ்விட்சில் இந்த மதிப்பைத் தொடுமுன் ஐஓஸ்கேன் முடிவை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டுகிறேன்.