கடல் இல்லாத மலையில் ஒரு டால்பின்!

நீலகிரியில் தேயிலை உண்டு, கேரட் உண்டு, காட்டெருமை உண்டு. கடல் மட்டும் கிடையாது. ஆனாலும் குன்னூருக்குப் போகிறவர்கள் தேடிப் போய்ப் பார்ப்பது ஒரு டால்பினின் மூக்கை!

ஊட்டியிலிருந்து குன்னூர் சுமார் 19 கிலோமீட்டர். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இன்னும் 10, 12 கிலோமீட்டர் போனால் 'டால்பின்ஸ் நோஸ்' காட்சிமுனை வந்துவிடும். பள்ளத்தாக்கின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய பாறை அது. பக்கவாட்டில் தொலைவிலிருந்து பார்த்தால், தண்ணீருக்கு மேலே தலையை நீட்டும் டால்பினின் மூக்கு போலவே இருக்கும். அதனால்தான் இந்தப் பெயர். கொடைக்கானலிலும் இதே பெயரில் ஒரு பாறை இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஒரு குன்றுக்கும் இதே பெயர்தான். அதற்காவது கீழே கடல் இருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. காட்சிமுனை என்றால் மலை உச்சிக்கு ஏற வேண்டும் என்றுதான் நினைப்போம். குன்னூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். டால்பின் மூக்கோ 1,550 மீட்டர்தான். அதாவது, இந்த வியூ பாயின்ட்டைப் பார்க்க மலையிலிருந்து இறங்கிப் போக வேண்டும்.

"டால்பின் எங்கே?"

வண்டியை நிறுத்திவிட்டு, கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கம்பித் தடுப்பு வந்துவிடுகிறது. அங்கே நின்றதும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "டால்பின் எங்கே?" என்பதுதான். பெரியவர்களும் சுற்றுமுற்றும் தேடுகிறார்கள். தெரியாது. ஏனென்றால் அவர்கள் நின்றுகொண்டிருப்பதே மூக்கின் மேல்தான்!

மூக்கு தெரியாவிட்டால் என்ன, மற்றதெல்லாம் தெரிகிறது. காலுக்குக் கீழே அடி தெரியாத பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பச்சைச் சரிவுகள். எதிரே, கோத்தகிரிப் பக்கத்து மலையிலிருந்து வெள்ளை நூல் தொங்குவதுபோல் ஓர் அருவி. அதுதான் கேத்தரின் அருவி. சுமார் 250 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அருவிக்குப் பக்கத்தில் போய் நின்றால் அதன் முழு உருவம் கண்ணுக்குள் அடங்காது. இந்தப் பக்கத்து மூக்கிலிருந்து பார்த்தால்தான் தலை முதல் கால் வரை தெரியும். ஆனால் சத்தம் வராது. அவ்வளவு தூரம்!

கோத்தகிரிப் பகுதியில் காபி பயிரிடத் தொடங்கியவர்களில் ஒருவரான எம்.டி. காக்பர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் மனைவி கேத்தரின். அவர் பெயரைத்தான் அருவிக்கு வைத்தார்கள் என்கிறார்கள். ஆனால், அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வாழ்ந்த படகர் மக்கள் தங்கள் மொழியில் அதை 'கெத்தெஹாட ஹள்ளா' என்று அழைத்துவந்தார்கள். 'ஹள்ளா' என்றால் ஓடை. இன்று பலகையில் இருப்பது கேத்தரின். ஊர்க்காரர்கள் நாக்கில் இருப்பது ஹள்ளா.

இதே சாலையில் 'லேம்ஸ் ராக்', 'லேடி கேனிங்ஸ் சீட்' என்று இன்னும் இரண்டு காட்சிமுனைகள் உண்டு. லேடி கேனிங், இந்தியாவின் முதல் வைஸ்ராய் கேனிங் பிரபுவின் மனைவி. நன்றாக ஓவியம் வரைவார். 1858-ல் நீலகிரியில் தங்கியிருந்தார். மூன்றே ஆண்டுகளில், 1861-ல் கல்கத்தாவில் இறந்துபோனார். அவர் ரசித்த இடத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கடல் தாண்டி வந்த கைகள்

போகிற வழியெல்லாம் தேயிலைச் சரிவுகள். முதுகில் பையோ கூடையோ தொங்க, வரிசையாகக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்க்காமல் இந்தச் சாலையைக் கடக்க முடியாது. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நீலகிரித் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு கடல் பயணம் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புக்காக இலங்கை மலையகத்துக்குப் போய், அங்கே காபி, தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் தமிழகத்துக் கிராமத்து மக்கள். பல தலைமுறை அங்கேயே வாழ்ந்தும் அவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, எங்கே அனுப்புவார்கள் என்று காத்திருந்தார்கள். பிறந்த ஊரை விட்டு, பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு' வந்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்குத் தெரிந்த தொழில் தேயிலை. அதனால் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அதுதான் பிறகு 'டான்டீ' என்ற அரசு நிறுவனம் ஆனது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் வாழ்கிறார்கள். கடல் இல்லாத இந்த மலையில், கடலைக் கடந்த கதையைப் பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நிறைய.

பனி வந்தால் பொறுங்கள்

இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. மூடுபனி! ஆசை ஆசையாகப் போய் நின்றால், எதிரே வெள்ளைச் சுவர் மட்டும் நிற்கும். அருவியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை.

இதற்குக் காரணம் பனி மட்டுமல்ல. வெயில் ஏற ஏற, சமவெளியின் ஈரமான சூடான காற்று மலைச்சரிவில் மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகத்துக்குள்தான் நாம் நின்றுகொண்டிருப்போம். அதனால்தான் காலை நேரத்தில் காட்சி தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்தக் கிழக்குச் சரிவில் மழையும் மேகமும் கூடுதல்.

ஒரே நாளில் பத்து இடம் காட்டும் பேக்கேஜ் டூரில் இங்கே கிடைப்பது இருபது நிமிடம். வெள்ளைச் சுவரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்லப்பா" என்று திரும்பிவிடுகிறார்கள். அரை மணி நேரம் பொறுத்தவர்களுக்கோ, ஒரு காற்று அடித்ததும் திரை விலகினாற்போல் அருவி தெரிகிறது. உடனே கம்பித் தடுப்பு ஓரம் முழுக்க "அதோ! அதோ!" என்ற குரல்தான். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் திரை மூடிவிடும்.

அதனால் குடும்பத்தோடு போகிறவர்கள், பட்டியலில் இரண்டு இடங்களைக் குறைத்துக்கொண்டு, இங்கே அரை நாள் ஒதுக்குங்கள். காத்திருக்கும் நேரத்துக்குச் சூடான டீயும் ஊட்டி வர்க்கியும் இருக்கவே இருக்கிறது. மடிப்பு மடிப்பாகப் பொரியும் அந்த வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கிளம்பும் முன் கவனிக்க...

* வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் அவசியம். கூட்டத்தையும் நெரிசலையும் மலை தாங்காது என்பதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. புறப்படும் முன்பே ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள்.

* குன்னூரிலிருந்து அரசுப் பேருந்து உண்டு. திரும்பி வரும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

* சாலை குறுகலானது. கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைப்பாதை பழக்கம் இல்லாதவர்கள் உள்ளூர் டாக்ஸி பிடிப்பதே நிம்மதி. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு.

* ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

* தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாவம் என்று நீங்களாகவும் எதுவும் கொடுக்காதீர்கள்.

* கம்பித் தடுப்பைத் தாண்டாதீர்கள். மழை, பனியில் பாறை வழுக்கும். நல்ல படம் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தே கிடைக்கும்.

திரும்பும் வழியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் யாராவது எதிரே வந்தால், படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். "எந்த ஊரும்மா?" என்று கேட்டால், "இதே ஊருதாங்க" என்று சிரிப்பார்கள். கொஞ்சம் நின்று பேசினால், அம்மாவோ பாட்டியோ கப்பலில் வந்த கதை வந்தாலும் வரும்.