காலியாக ஒரு கட்டம்

இரவு பதினொரு மணிக்கு மேல், விடைத்தாள் கட்டு பிரிந்து கிடக்க, மடிக்கணினியில் ஓர் ஆட்டத்தைத் திறக்கிறேன். தேன்கூடுபோல அறுகோணக் கட்டங்கள் அடுக்கிய பலகை. பக்கத்துக்கு ஐந்தாக, மொத்தம் 61 கட்டங்கள். கீழே மூன்று துண்டுகள் வரும். ஒவ்வொன்றாக இழுத்துப்போய் வைக்க வேண்டும். குறுக்காகவோ சாய்வாகவோ ஒரு வரிசை நிறைந்தால், அது மறைந்து இடம் விடும். துண்டைத் திருப்ப முடியாது. வைத்ததை எடுக்கவும் முடியாது. எதற்கும் இடமில்லை என்றால் ஆட்டம் முடிந்தது. கடிகாரம் கிடையாது. நான் யோசித்து முடிக்கும்வரை துண்டுகள் காத்திருக்கும். நாள் முழுவதும் நான்தான் மற்றவர்களுக்காகக் காத்திருந்திருப்பேன்.

"இன்னும் முடியலையா?" உள்ளறையிலிருந்து கணவரின் குரல்.

"இன்னும் ரெண்டு கட்டு இருக்குங்க."

பொய். சொல்லும்போதே விரல் ஆட்டத்தை மூடிவிடுகிறது. அவர் கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கும்போது யார் வந்தாலும் எதையும் மூடுவதில்லை. மேடையில் பெண் விடுதலை பேசுகிற நான், பத்து நிமிட விளையாட்டை ஒளிக்கிறேன். ஒரு காலத்தில் கவிதையையும் இப்படித்தான் ஒளித்து எழுதினேன். ஆனால் கவிதை பிடிபட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. விளையாட்டுக்கு அதுவும் இல்லை.

அம்மாவின் ஊர் மேலூர் பக்கம். கோயில் மண்டபத் தரைக்கல்லில் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் வெட்டியிருக்கும். ஆண்கள் நடுப்பகலில் அங்கே உட்கார்ந்து ஆடுவார்கள். அவர்களுடைய ஓய்வுக்குக் கல்லிலேயே இடம் இருந்தது. அம்மாவின் பல்லாங்குழி பரணில் கிடந்தது. பதினான்கு குழி, ஒரு பை புளியங்கொட்டை. அவள் பெரியவளாகிக் குச்சுக்குள் உட்கார்ந்த நாட்களில் அது கீழே இறங்கியது. பிறகு, என்னை வயிற்றில் சுமந்தபோது. "தீட்டுதான்டி எனக்கு லீவு விட்டுச்சு" என்பாள், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். வகுப்பில் இந்தக் கணக்கை எழுதிப்போடும்போது மாணவிகள் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் நான் தோற்பதெல்லாம் ஒரே காரணத்தால்தான். இடம் இருக்கிறதே என்று வந்ததையெல்லாம் வாங்கி வைத்துவிடுவேன். பிறகு, நீளத் துண்டு ஒன்று வரும்போது பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காலிக் கட்டங்கள் இருக்கும். என் நாட்களும் அப்படித்தான் தீர்ந்தன. ஐந்து நிமிடம் இங்கே, பத்து நிமிடம் அங்கே. ஒரு கவிதை உட்காரும் அளவுக்குச் சேர்ந்தாற்போல் இடமில்லை.

அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. பல்லாங்குழியில் கையிலிருக்கும் முத்து தீர்ந்து, அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளலாம். "வெறுங்குழி இல்லாம ஒண்ணும் கெடைக்காதுடி" என்று என் கையைப் பிடித்துத் துடைக்கச் சொல்லித் தருவாள்.

நேற்றிரவும் அதே குரல் வந்தது. "இன்னும் முடியலையா?"

"வெளையாடிக்கிட்டு இருக்கேங்க."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு, "இந்த நேரத்துலயா?"

"இந்த நேரந்தான கெடைக்குது."

ஆட்டத்தை மூடவில்லை. நான்கு துண்டு வைத்ததும் தோற்றேன். மறுபடி தொடங்கினேன்.