பட்டம் இழுக்கிறது, பாருங்கள்!

ராமேசுவரம் போகிறவர்கள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, உலர்ந்த துணி மாற்றி, ராமநாத சுவாமியைத் தரிசனம் செய்து, பிராகாரத்தின் நீளத்தைப் பார்த்து மலைத்து, கடைத்தெருவில் சங்கும் சோழியும் வாங்கிக் கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். இப்போதெல்லாம் வேறொரு கூட்டமும் அங்கே வருகிறது. இவர்களும் நீராடத்தான் வருகிறார்கள். ஆனால், காலையில் கடலில் இறங்கினால் பொழுது சாயும் வரையில் கரையேறுவதில்லை. காலில் ஒரு பலகை; கையில் ஒரு கழி; தலைக்கு மேலே, தென்னை மர உயரத்தையும் தாண்டி, ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்கிறது. பட்டம் ஆளை இழுக்கிறது. ஆள் தண்ணீர் மேல் வழுக்கிக் கொண்டு போகிறார். இதற்குத்தான் ‘கைட் சர்ஃபிங்’ என்று பெயர்.

நம் வீட்டுப் பெண் பட்டம் வாங்கினாள் என்றால் தெருவெல்லாம் சர்க்கரை வழங்குவோம். அதே பெண், “அம்மா, பட்டத்தைப் பிடித்துக் கொண்டு கடலில் போகப் போகிறேன்” என்றால்? வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். போதாக் குறைக்கு, அந்த வித்தையில் புழங்கும் வார்த்தைகள் ஒன்றும் நமக்குப் புரிவதில்லை. புரியாத பாஷையில் எதைச் சொன்னாலும் பயமாகத்தான் இருக்கும். ஆகவே, அந்த வார்த்தைகளை அவை புழங்கும் இடத்திலேயே நின்று தெரிந்து கொண்டு வரலாம் என்று, ஓர் ஆகஸ்டு மாதத்தில் ராமேசுவரத்துக்குப் புறப்பட்டேன்.

ஆண் கடலும் பெண் கடலும்

ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் சுமார் 20 கிலோ மீட்டர். முனை வரை செல்லும் தார்ச் சாலை 2017-ல் திறக்கப்பட்டது. கடைசிப் பகுதியில் சாலைக்கு இரு புறமும் கடல். தெற்கே இருப்பதை ‘ஆண் கடல்’ என்றும், வடக்கே இருப்பதைப் ‘பெண் கடல்’ என்றும் இந்தப் பக்கத்தார் சொல்கிறார்கள். ஆண் கடல் சீறிக் கொண்டே இருக்குமாம். பெண் கடல் அடக்கமாக இருக்குமாம். இப்படிப் பெயர் வைத்தவர் நிச்சயம் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்! வடகிழக்குப் பருவக் காற்றுக் காலத்தில் பெண் கடலின் கோபத்தைப் பார்த்தவர்கள் அடக்கம் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பயணிகளோடு வந்து கொண்டிருந்த ரயிலையும் கடல் விழுங்கிற்று. இடிந்த மாதா கோயிலின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. காற்றைப் பற்றிய பேச்சை இந்த ஊரில் யாரும் விளையாட்டாக ஆரம்பிப்பதில்லை.

பயிற்சி தரும் இடத்தின் ஓலைக் கொட்டகையில், மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளையும் அவருடைய மகளையும் சந்தித்தேன். மகள் கல்லூரி மாணவி. பயிற்சிக்குப் பெயர் கொடுத்து விட்டாள். பணம் மட்டும் அம்மாளின் கைப்பையில் இருந்தது. அம்மாள் இன்னும் பையைத் திறக்கவில்லை.

“தம்பி, எல்லாவற்றையும் முதலில் எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் அவளுக்குச் சொல்லலாம்” என்றார் அம்மாள்.

பயிற்சியாளர் பாம்பன் பக்கத்து இளைஞர். தகப்பனார் கடல் தொழில் செய்கிறவர். “சரிங்கம்மா, காற்றிலிருந்தே ஆரம்பிப்போம்” என்றார்.

காற்றின் குணம்

அவருடைய வீட்டில் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். தென்மேற்கிலிருந்து வந்தால் கச்சான். கைட் சர்ஃபிங் பழகுகிறவர்கள் இதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். காற்று கரைக்கு வருகிறதா, கரையை விட்டுப் போகிறதா?

கடலிலிருந்து நேரே கரையை நோக்கி அடித்தால் அது ‘ஆன்ஷோர்’. கரையை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் ‘சைட்ஷோர்’. கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தால் ‘ஆஃப்ஷோர்’. பக்கவாட்டுக் காற்று உத்தமம். அது சற்றே கரைப் பக்கம் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது. நேராகக் கரைக்கு அடிக்கும் காற்றில், இழுபட்டு மரத்திலோ கல்லிலோ மோதிக் கொள்ளும் ஆபத்து உண்டு.

அம்மாள் வடக்குப் பக்கத்துக் கடலைக் காட்டினார். “அங்கே தண்ணீர் தாம்பாளம் மாதிரி அசையாமல் இருக்கிறதே! குழந்தைகள் அங்கேயே கற்றுக் கொள்ளக் கூடாதா?”

“அதுதானம்மா மோசம். இப்போது கச்சான் வீசுகிறது. தெற்கேயிருந்து இந்த மணல் திட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது. கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லாததால் தண்ணீர் அமைதியாகத் தெரிகிறது. ஆனால் அங்கே ஒருவர் கையிலிருந்து பலகை போய்விட்டால், காற்று அவரைக் கரைக்குக் கொண்டு வராது. ஆழத்துக்குத்தான் கொண்டு போகும். மீட்புப் படகு பக்கத்தில் இல்லாமல் புதியவர்கள் ஆஃப்ஷோர் காற்றில் இறங்கவே கூடாது.”

அதற்கப்புறம் அம்மாள் அந்தத் தாம்பாளத்தைப் பார்த்த பார்வையே வேறு.

காற்றின் வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்கிறார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோ மீட்டர். கற்றுக் கொள்கிறவர்களுக்கு 12 முதல் 20 நாட் வரையில் சீராக வீசும் காற்று போதும். விட்டு விட்டு, திடீர் திடீரென்று மோதும் காற்றுக்குக் ‘கஸ்டி’ என்று பெயர், அது ஆகாது. காற்றின் வேகம் 2 மடங்கானால் பட்டத்தின் இழுப்பு 4 மடங்காகும். ஆகவே, காற்று ஏற ஏறப் பட்டம் சிறியதாக வேண்டும். மந்தமான காற்றில் 12 சதுர மீட்டர் பட்டம் எடுக்கிறவர், பலத்த காற்றில் 7 சதுர மீட்டர் பட்டத்தோடு நிறுத்திக் கொள்வார்.

பட்டமும் பரிவாரமும்

இந்தப் பட்டத்துக்கு வாலும் கிடையாது, மூங்கில் குச்சியும் கிடையாது. பிறை வடிவத்தில் வளைந்த துணி. அதன் முன் விளிம்பில் ஒரு நீண்ட குழாய். அதற்கு ‘லீடிங் எட்ஜ்’ என்று பெயர். குறுக்கே உள்ள சிறு குழாய்கள் ‘ஸ்ட்ரட்’. இவற்றில் பம்பினால் காற்றடித்து விட்டால், பட்டம் கடலில் விழுந்தாலும் மிதக்கும். மிதப்பதால் மறுபடி பறக்க விடலாம். இதற்கு ‘ரீலாஞ்ச்’ என்று பெயர். பிரான்ஸ் தேசத்துப் பிரித்தானிக் கடற்கரையைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகேன்யூ என்ற சகோதரர்கள் 1984-ல் இந்தக் காற்றடைத்த பட்டத்துக்கு உரிமைப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பட்டம் நனைந்தால், அன்றைய ஆட்டம் அதோடு சரி!

பட்டத்திலிருந்து வரும் கயிறுகள் ‘லைன்’. சாதாரணமாக 4 கயிறுகள். நீளம் 20 மீட்டரைத் தாண்டும். அவை வந்து சேரும் கழி ‘பார்’. மாட்டு வண்டிக்காரர் கையில் தும்புக் கயிறு போல, கழியின் இடப் பக்கத்தை இழுத்தால் பட்டம் இடது பக்கம் திரும்பும். வலப் பக்கத்தை இழுத்தால் வலது பக்கம். இடுப்பில் கட்டிக் கொள்ளும் அகலமான பட்டை ‘ஹார்னஸ்’. அதன் கொக்கியில் மாட்டும் வளையத்துக்குச் ‘சிக்கன் லூப்’ என்று பெயர்.

“நாங்கள் சைவம், தம்பி” என்றார் அம்மாள்.

கோழிக்கும் அந்த வளையத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்ன பிறகுதான் பாடம் மேலே நடந்தது.

நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. பட்டத்தின் பாரத்தைத் தாங்குவது கை அல்ல, இடுப்பு. கை திருப்புவதற்கு மட்டுமே. ஆகவே, புஜபலம் உள்ளவர்களுக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம்.

பூசணிக்காயில் ஒரு பங்கு

அடுத்த வார்த்தை ‘விண்ட் விண்டோ’. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒரு பெரிய பூசணிக்காயை நான்காகப் பிளந்து, ஒரு பங்கை உங்களுக்கு முன்னால் கவிழ்த்தது போல் எண்ணிக் கொள்ளுங்கள். பட்டம் பறக்கக் கூடிய இடம் அந்தத் தோலின் மேல்தான். அதைக் கடிகார முகமாகவும் சொல்வார்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி. இடது கைப் பக்கம் 9 மணி. வலது கைப் பக்கம் 3 மணி. இந்த ஓரங்களில் பட்டம் சாதுவாக இருக்கும். எதிரே, நடுவில், தாழ்வான பகுதி ‘பவர் ஸோன்’. அங்கே வந்த பட்டம் யானை மாதிரி இழுக்கும்.

பட்டத்தை ஏற்றுவது ‘லாஞ்ச்’, இறக்குவது ‘லேண்டிங்’. ஓரத்தில் நின்று ஒருவர் பட்டத்தைப் பிடித்திருக்க, ஓட்டுகிறவர் கட்டை விரலை உயர்த்தினால் விடலாம் என்று அர்த்தம். இறக்க வேண்டுமானால் தன் தலையில் தானே தட்டிக் கொள்ள வேண்டும். “பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது நன்றாகப் பழகினதுதான்” என்றார் அம்மாள்.

விடுகிற வித்தை

“கயிறு கட்டியிருக்கிற பெண்ணைப் பட்டம் தூக்கிக் கொண்டு போனால்?” அம்மாள் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார். மகள் தரையைப் பார்த்தாள்.

பயிற்சியாளர் இதற்காகவே காத்திருந்தவர் போல், கழியை எடுத்து அம்மாளின் கையிலேயே கொடுத்தார். மூன்று படிகள். முதலாவது, கழியைக் கைவிட வேண்டும். விட்டால் அது விலகி ஓடும். பட்டத்தின் முகம் மாறிக் காற்று வழிந்து போகும். இழுப்பு பெரும்பாலும் அடங்கும். இப்படி இழுப்பைக் குறைப்பது ‘டிபவர்’. அதிலும் அடங்கவில்லையானால், சிக்கன் லூப்பின் மேலுள்ள பிடியை முன்னே தள்ள வேண்டும். அதுதான் ‘க்விக் ரிலீஸ்’. வளையம் கழன்று, பட்டம் ஒரே கயிற்றில் தொங்கும் துணியாகி விடும். அந்த ஒரு கயிறு ‘லீஷ்’. அப்போதும் இழுத்தால் லீஷையும் கழற்றிப் பட்டத்தை அடியோடு விட்டு விடலாம். காற்று போகும் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக் கொள்வது முக்கியம்.

பயம் வந்தால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பது மனித சுபாவம். இங்கே இறுக்கிப் பிடித்துக் கழியைத் தன்பக்கம் இழுத்தால் பட்டம் இன்னும் வேகமாக இழுக்கும். ஆகவே, கண்ணை மூடிக் கொண்டு தள்ளினாலும் கழலும் வரையில், தரையிலேயே இந்தப் பாடத்தைத் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்கிறார்கள். அம்மாளும் செய்து பார்த்தார். முதல் தடவை பிடி நகரவில்லை. இரண்டாம் தடவை ‘டக்’கென்று கழன்றது. மூன்றாம் தடவை யாரும் சொல்லாமலே செய்தார்.

தண்ணீரில் இறங்கினால்

முதல் பாடத்தில் பலகை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில், பட்டம் இழுக்க, உடம்பாலேயே மிதந்து போக வேண்டும். இது ‘பாடி டிராக்’. தவறிப் போன பலகையை எட்டிப் பிடிக்க உதவுவது இதுதான். பிறகு வருவது ‘ட்வின் டிப்’ பலகை. இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தப் பக்கமும் போகலாம். உட்கார்ந்தபடி பலகையில் கால் நுழைத்து, பட்டத்தைப் பவர் ஸோனில் ஒரு வீச்சு வீசி எழுந்து நிற்பது ‘வாட்டர் ஸ்டார்ட்’.

காற்று போகும் திசை ‘டவுன்விண்ட்’. வரும் திசை ‘அப்விண்ட்’. புதியவர்கள் காற்றோடு போய் விடுவார்கள். திரும்பி வரத் தெரியாது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு மணலில் நடந்தே வருவார்கள். இதற்கு ஆங்கிலத்தில் வெட்க நடை என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது. பலகையின் விளிம்பைத் தண்ணீரில் அழுத்தி, காற்றுக்குச் சற்று எதிராக ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறவர்தான் தேறினவர். பட்டம் பழுதாகிவிட்டால் கயிற்றைச் சுற்றிக் கொண்டே போய், அதையே தெப்பமாக்கிக் கரை சேர்வது ‘செல்ஃப் ரெஸ்க்யூ’.

பெண்களும் பட்டமும்

ஸ்பெயின் தேசத்துக் கிசெலா புலிடோ 2004-ல், 10 வயதில், இந்த விளையாட்டில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டப் போட்டி முதன் முதலாக இடம் பெற்றது. பந்தயங்கள் மார்செய் நகரக் கடலில் நடந்தன. பெண்கள் பிரிவில் பிரிட்டனின் எல்லி ஆல்டிரிட்ஜ் தங்கப் பதக்கம் பெற்றார்.

ராமேசுவரத்தில் பட்டத்துக்கு இரண்டு பருவங்கள். கோடையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடை. அனுப்புவதற்கு முன்னால், பெற்றோர்கள் நாலு கேள்வி கேட்பது நல்லது. ஆசிரியருக்குச் சர்வதேச கைட்போர்டிங் அமைப்பின் சான்றிதழ் போன்ற தகுதி உண்டா? மீட்புப் படகு உண்டா? தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தருவார்களா? இன்றைய காற்று எந்தப் பக்கம்? நாலாவது கேள்விக்குத் தடுமாறுகிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம். முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் அணிந்தே கற்கலாம். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

அம்மாள் கைப்பையைத் திறந்தார். “முதலில் விடுகிற பாடத்தை நன்றாகப் படி. பிடிக்கிறது அப்புறம்” என்று மகளிடம் சொல்லிவிட்டு, நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். பிறகு பயிற்சியாளரிடம் திரும்பி, “ஏன் தம்பி, என் வயதில் யாராவது கற்றுக் கொள்கிறார்களா?” என்று விசாரித்தார்.