பன்னிரண்டாம் வகுப்பு / டிப்ளமா

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் நாலு தடவை வந்துவிட்டார். கவிதை எனக்கு வராது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்ப்பது நண்பர்கள் பலருக்கும் தெரியும். போன செமஸ்டரில் ஒருநாள், நம் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த சீனியர் அண்ணன் ஒருவர் வந்தார். ஒரு ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க சர்டிபிகேட்டுகளை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"டிப்ளமா சர்டிபிகேட் எதுக்குண்ணே? அதைப் பார்த்தா கழிச்சுடப் போறாங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே திரையைக் காட்டினார். பத்தாம் வகுப்புக்கு அடுத்த வரியில் 'பன்னிரண்டாம் வகுப்பு / டிப்ளமா' என்று இருந்தது. நடுவில் ஒரு சாய்வுக் கோடு, அவ்வளவுதான். பாலிடெக்னிக் என்றால் பிளஸ் டூவுக்கு லாயக்கில்லாதவன் போகிற இடம் என்று கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகியவன் நான். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிப்ளமா முடித்து நேராக பி.இ. இரண்டாம் வருஷம், பிறகு கேட் தேர்வு, எம்.இ. என்று வந்தவர் அவர். பி.இ.யில் நல்ல மார்க்கும் கேட்டும் இருந்தால் எம்.இ. இல்லாமலே ஐ.ஐ.டி.களிலும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யிலும் பிஎச்.டி. சேர வழி உண்டாம். அதற்குமேல் போஸ்ட் டாக் என்று ஒன்று இருக்கிறது என்றார். நான் தபால் சம்பந்தப்பட்டது என்று நினைத்தேன்!

மார்க் விவரமெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. என்ன ஆராய்ச்சி, ஏன் என்று எழுதுகிற இரண்டு பக்கத்துக்குத்தான் ஒரு வாரம் ஆனது. டைப் அடித்தது நான். விஷயம் எம்.சாண்ட். ஆற்று மணல் உருண்டு தேய்ந்தது. இது உடைத்த கல், முனை முனையாக இருக்கும், தூளும் அதிகம், அதனால் கலவைக்குத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். கொத்தனாரான என் அப்பா தினமும் சொல்வதுதான்: "இந்த மண்ணு தண்ணியைக் குடிக்குதுப்பா. கரண்டிக்கு வசப்படலை. காஞ்சதும் பூச்சு வெடிக்குது."

அண்ணனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அப்பா சொன்னதை ஒரு மணி நேரம் நோட்டில் எழுதினார். அப்பா பேசப் பேச ஒருவர் எழுதியதை அன்றுதான் பார்த்தேன்.

ராத்திரி அப்பா கேட்டார், "இதுக்கு எவ்வளவு கட்டணும்?"

"அவங்கதான்ப்பா உதவித்தொகை தருவாங்க." 2023-இல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 என்று அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

"படிக்கிறதுக்கா?"

எனக்கு இப்போது 18. பி.இ. மூன்று வருஷம், பிஎச்.டி. ஐந்து வருஷம் என்று வைத்தால் 26. அந்த உதவித்தொகை வருகிறவரைக்குமான மூன்று வருஷம்தான் இடிக்கிறது. டிப்ளமா முடிந்ததும் நான் சைட் சூப்பர்வைசர் ஆவேன் என்று நம்பித்தான் அப்பா தங்கையின் காதுக் கம்மலை அடகு வைத்திருக்கிறார். அதை நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அண்ணன் இன்டர்வியூ போய்விட்டு வந்தார். முடிவு இன்னும் தெரியவில்லை. நேரடி இரண்டாம் வருஷ விண்ணப்பத்துக்கு என்னென்ன தேவை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சாரம் ஏறி இறங்கி அலுத்து வருகிற அப்பா, சைக்கிளை நிறுத்தும்போதே கேட்கிறார்:

"அந்தத் தம்பிக்கு லெட்டர் வந்துச்சாடா?"