ஒரே மேசையில்

ஓர் ஊரின் வரலாற்றை அதன் கட்டடங்களில் மட்டுமன்றி, அவ்வூர் மக்களின் உணவிலும் படிக்கலாம். புதுச்சேரியில் அவ்வாறு படிக்கத்தக்க உணவு ரொட்டி. நெல் விளையும் நிலத்தில் கோதுமை ரொட்டி பழகிய உணவாகிய கதை, அயலிலிருந்து வந்த ஒன்றை மக்கள் எவ்வாறு தமதாக்கிக்கொள்கின்றனர் என்பதை உணர்த்துகிறது.

கடல்வழி வந்த உணவு

1674ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தினர் புதுச்சேரியில் நிலைகொண்டனர். நகரின் நடுவே ஓடிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியரும் மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். ஐரோப்பியரின் அன்றாட உணவாகிய ரொட்டி அவர்களோடு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. ஆண்டவர்கள் அகன்றபின்னும் ரொட்டி தங்கிவிட்டது.

இப்பண்டமாற்றம் ஒரு திசையில் மட்டும் நிகழவில்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரித் தமிழர் பலர் வியட்நாமின் சைகோன் நகரில் பணிபுரிந்தனர். அவர்களுடைய குடும்பங்கள் ஊர் திரும்பியபோது ‘சாயோ’ என்னும் பொரித்த சுருளும் உடன்வந்து புதுச்சேரிச் சமையலில் இடம்பெற்றது.

அடுப்பும் பொறுமையும்

‘பகெத்’ எனப்படும் நீண்ட ரொட்டிக்கு மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கே போதும். மாவு மெல்லப் புளித்து எழும்போது சுவை பிறக்கிறது. அடுப்பினுள் சேரும் நீராவி மேலோட்டை மொறுமொறுப்பாக்குகிறது. இக்கைத்திறனையும் அதைச் சார்ந்த பண்பாட்டையும் யுனெஸ்கோ 2022இல் மனிதகுலத்தின் மரபுச்செல்வமாக ஏற்றது. கடற்கரை ஊரின் வெப்பத்தில் மாவு விரைந்து பொங்கும்; ஈரக்காற்றில் மேலோடு விரைவில் இளகும். ஆதலால் ஊர் உறங்கும் வேளையிலேயே அடுமனைத் தொழிலாளரின் வேலை தொடங்குகிறது. காலையில் நாம் நுகரும் மணத்தின் பின்னே அவர்களின் இரவு உழைப்பு இருக்கிறது.

குடும்ப மேசை

விடுமுறை நாளில் புஸ்ஸி வீதி அடுமனையிலோ, குயிலாப்பாளையத்து ஆரோவில் அடுமனையிலோ வந்து அமரும் குடும்பங்களைக் காணலாம். பாட்டி ரொட்டியைக் காப்பியில் தோய்த்து உண்கிறார். பேரக்குழந்தை வெண்ணெய் மணக்கும் ‘குரோசானை’ அடுக்கடுக்காகப் பிரித்து மகிழ்கிறது. பக்கத்து மேசையில் இருப்பவர் எந்த ஊரினர், எக்குலத்தினர் என்று எவரும் வினவுவதில்லை.

இது எளிய செய்தி போலத் தோன்றும். ஆனால், உணவகங்களில் சாதி பார்த்துத் தனித்தனியே இடம் ஒதுக்கிய காலம் தமிழ்நாட்டில் இருந்தது. பிறர் சமைத்ததை உண்பதும் பிறரோடு அமர்ந்து உண்பதும் இழுக்கெனக் கருதப்பட்டன. அத்தடைகளைத் தகர்க்கப் போராட்டங்கள் தேவைப்பட்டன. யார் பிசைந்த மாவு என்று கேளாமல் ரொட்டியை வாங்கி உண்ணும் இன்றைய இயல்பு, அப்போராட்டங்கள் ஈட்டித் தந்த உரிமையாகும்.

உலகெங்கும் அடுமனை

தென்னமெரிக்க நாடான கொலம்பியாவிலும் அடுமனையே குடும்பங்கள் கூடும் சிற்றுண்டிச்சாலையாக விளங்குகிறது. மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட ‘பாண்டெபோனோ’ அங்கு விருப்பமான உணவு. தென்னமெரிக்காவில் தோன்றிய அம்மரவள்ளியே சேலத்து ஆலைகளில் சவ்வரிசியாகி, நம் வீட்டுப் பாயசத்தில் கலக்கிறது. ஈழத்தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பர். அது போர்த்துகீசியர் வழியே வந்த சொல். கொலம்பியர் பேசும் ஸ்பானிய மொழியிலும் ரொட்டியின் பெயர் ‘பான்’ என்பதே.

உணவும் சொல்லும் எல்லை கடந்தே வாழ்கின்றன. எங்கிருந்து வந்தது என்பதைவிட, யாருடன் பகிர்ந்து உண்கிறோம் என்பதே ஓர் உணவை நமதாக்குகிறது.