தூக்குவதும் தாங்குவதும்

ஜெர்மனி நாட்டில் அக்டோபர் திங்கள் பிறந்ததும் கார் வைத்திருப்போர்க்கு ஒரு வேலை வந்துவிடும். கோடைக்குரிய டயர்களைக் கழற்றிக் குளிர்காலத்துக்குரியவற்றைப் பூட்டுவர். ஈஸ்டர் திருநாளையொட்டி மீண்டும் மாற்றுவர். வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகிச் சாலையைப் பற்றும் ஆற்றல் குன்றும். உறைபனி படர்ந்த சாலையில் குளிர்கால டயரின்றி ஓட்டலாகாது என்று 2010ஆம் ஆண்டில் விதியும் தெளிவாக வகுக்கப்பட்டது. பலர் பட்டறைக்குச் செல்வர்; சிலர் வீட்டுக் கொட்டிலிலேயே இவ்வேலையைச் செய்வர்.

அவருள் போர்ஷே 911 என்னும் விரைவுக் காரை உடையவர் பாடு சற்றுக் கடினமானது. 1963ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட வகை அது. நிலத்தோடு ஒட்டினாற்போல் தாழ்ந்தது. எஞ்சினோ பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அண்மைக் காலத்துக் கார் ஒன்றின் எடை பெரும்பாலும் 1,400 கிலோவுக்குக் குறையாது எனலாம்.

சமமான சிமெண்டுத் தரையே இதற்கு ஏற்றது. சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளைச் சிறிது நெகிழ்த்திவிடவேண்டும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தை ஸ்பானரால் முறுக்கினால் கார் முழுவதும் அசையும். கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பற்றுவது. ஆகவே அதனை மட்டும் நம்புதல் தகாது. ஒரு பக்கத்தைத் தூக்குமுன் மறுபக்கத்துச் சக்கரங்கள் இரண்டிற்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இடவேண்டும். முட்டுக்கட்டை என்றால் இடையூறு என்றே இக்காலத்தார் பொருள் கொள்வர். தேரோட்டம் கண்டவர் அதனைக் காவல் என்பர்.

ஜாக்கியை வைப்பதற்குக் காரின் அடியில், கதவின் கீழ்விளிம்பை ஒட்டி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு இடங்கள் உண்டு. வேறிடத்தில் வைத்தால் அடித்தகடு நெளியும். பின்னுள்ள இடத்தில் வைத்து உயர்த்தினால் அப்பக்கத்து முன்சக்கரமும் உடன் எழுவதைக் காணலாம். எடை பின்னால் மிகுந்திருப்பதும் உடல் வளையாது விறைத்து நிற்பதுமே காரணம்.

இங்கேதான் இடர் பிறக்கிறது. ஜாக்கி தூக்குவதற்கு அமைந்ததேயன்றித் தாங்குவதற்கு அன்று. அதனுள்ளே எண்ணெய் நிற்கிறது. எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது சிறு ரப்பர் வளையம். அவ்வளையம் தேய்ந்து கசிந்தால் கார் இறங்கிவிடும். தாங்கவேண்டியது இரும்புத் தாங்குகால். ஆனால், தாங்குகால் நிற்கவேண்டிய இடத்திலோ ஜாக்கி நிற்கிறது! “ஐந்து நிமிட வேலைதானே” என்று பொறுமையற்றவர் தாங்குகாலை விட்டுவிடுவர். கழற்றிய போல்ட்டு ஒன்று உருண்டு காரின் அடியில் ஓடுகிறது. அதனை எடுக்கக் கையும் தோளும் உள்ளே நுழைகின்றன. வளையம் அந்நொடியில் கசியாது என்று யார் உறுதி கூறுவார்?

இதற்கென ஒருவகைத் தாங்கி செய்திருக்கிறார்கள். குறுக்குச் சட்டம் ஒன்று; அதன் நடுவே காரின் இடத்தில் பொருந்தும் ரப்பர் மெத்தை. ஜாக்கி அச்சட்டத்தையே தூக்குகிறது. போதிய உயரம் வந்ததும் சட்டத்தின் இரு முனையிலும் கால்களைச் செருகி, ஜாக்கியைத் தாழ்த்தி வெளியே இழுத்துவிடலாம். பின்னர்க் காரைக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்த பிறகே சக்கரத்தில் கை வைப்பர். கழற்றிய சக்கரத்தைக் கதவின் கீழ்விளிம்புக்கு அடியில் படுக்க வைப்பது பழகிய கைகளின் வழக்கம். தாங்கி தவறினாலும் கார் அதன்மேல்தான் விழும்.

புதுச் சக்கரத்தைப் பூட்டியபின் ஐந்து போல்ட்டுகளையும் அடுத்தடுத்து இறுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாகக் கையால் இறுக்குவர். கார் தரையில் இறங்கிய பின்னரே, கையேடு கூறும் அளவுக்கு, முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பானரால் முடிவாக இறுக்குவர். சிறிது தொலைவு ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பர். கோடைச் சக்கரங்களின்மேல் இடமுன், வலப்பின் என்று சுண்ணக்கட்டியால் எழுதி, அவற்றை நிலவறையில் ஈஸ்டர் வரையில் அடுக்கி வைப்பர்.