மூடினால் 'டக்'கென்று சத்தம் வரவேண்டும்!

போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஒரு கோர்ட் கூடும். ஜட்ஜ் என் மனைவி. பரணிலிருந்து இறக்கிய சாமான்கள், அலமாரியிலிருந்து உருவிய துணிமணிகள் எல்லாம் கூடத்தில் குற்றவாளிகள் மாதிரி வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது வேணுமா, வேண்டாமா?" என்பாள். "வேணும்" என்றால் காரணம் சொல்லவேண்டும். காரணம் பிடிக்காவிட்டால் அப்பீல் கிடையாது.

2024 போகிக்கு விசாரணை என் மேஜை டிராயர் வரைக்கும் வந்துவிட்டது.

"இந்த வெத்தலைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"அது வெத்தலைப் பெட்டி இல்லே, கால்குலேட்டர்!"

"அதுதான் போன்லயே இருக்கே!"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? போனில் இருக்கிறதுதான். போனில் என்னதான் இல்லை? கடிகாரமும் இருக்கிறது. அதற்காகக் கையில் கட்டியிருப்பதைக் கழற்றிப் போகியில் எறிந்துவிட்டோமா? (இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஜட்ஜ் முன்னால் வாய் நீளக்கூடாது.)

வெற்றிலைப் பெட்டி என்று அவள் சொன்னதிலும் தப்பில்லை. 1991-ல் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மறுவீட்டுக்குப் போயிருந்தபோது, சட்டைப் பையிலிருந்து இதை எடுத்துத் திறந்தேன். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் மாமியாரிடம், "மாப்பிள்ளைக்குப் புகையிலைப் பழக்கம் இருக்கும் போலிருக்கே" என்றாராம். வெள்ளித் தகட்டுச் செல்லம் போலத்தான் இருக்கும். நடுவில் கீல். திறந்தால் புத்தகம் மாதிரி இரண்டு பக்கம். இடது பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக்கள், ஏ, பி, சி, டி என்று பள்ளிக்கூட வரிசையில். வலது பக்கம் எண்கள், மேலே திரை. மொத்தம் 72 பட்டன். மூடினால் 'டக்'. அந்த 'டக்' இருக்கிறதே, அதற்கே பாதி விலை கொடுக்கலாம்.

பெயர் எச்.பி. 28எஸ். ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனி 1986-ல் இதே மடிப்பு உருவத்தில் 18சி என்று கணக்குப்பிள்ளைகளுக்கு ஒன்று கொண்டு வந்தது. அடுத்த வருஷம் என்ஜினீயர்களுக்காக 28சி. அதில் கிராஃப் வரையலாம். அதைவிடப் பெரிய விஷயம், எண்ணே கொடுக்காமல் வெறும் 'எக்ஸ்' என்று போட்டாலும் அதை எக்ஸாகவே வைத்துக் கொண்டு கணக்குப் போடும். எக்ஸ் ஸ்கொயரைக் கொடுத்து வகைக்கெழு கேட்டால், '2*எக்ஸ்' என்று எழுதிக் காட்டும். கையில் அடங்குகிற ஒரு சாதனம் அல்ஜீப்ரா போட்டது அதுதான் முதல் தடவை. எல்லாம் இருந்தும் 28சி-யின் ஞாபக சக்தி வெறும் இரண்டு கே. அரைப் பக்கம் படித்தால் மூளை நிரம்பிவிடும் கேஸ். 1988-ல் அதை 32 கே ஆக்கி விட்டதுதான் 28எஸ்.

கிராஃப் வரைகிற அழகைச் சொல்லியாக வேண்டும். திரையில் குறுக்கே 137 புள்ளி, நெடுக்கே 32 புள்ளி. அவ்வளவுதான் மைதானம். சைன் வளைவு கேட்டால் போன் மாதிரி கண் மூடித் திறப்பதற்குள் முழுசாகக் கொட்டாது. இடது ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு புள்ளியாக யோசித்து யோசித்து வைத்துக் கொண்டே போகும். மார்கழி விடியலில் தெருவில் உட்கார்ந்து புள்ளி வைக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த புள்ளி எங்கே விழும் என்று நாமும் மூச்சைப் பிடித்துக் கொண்டு நிற்போமே, அதே சுகம்.

இன்னொன்று. இதில் சமக்குறி தட்டி விடை வாங்குகிற வேலை கிடையாது. இரண்டு, எண்டர், மூன்று, பிறகு கூட்டல் குறி. அமெரிக்க மாணவர்கள் இதைக் கண்டு திணறினார்கள். 'தலைகீழ் போலந்து முறை' என்று இதற்குப் பெயர். மூல முறையை யோசித்தவர் போலந்து நாட்டு தர்க்க அறிஞர் வுகாசியேவிச். அவர் பெயரைச் சொல்லி நாக்கு சுளுக்கிக் கொண்டவர்கள்தான் நாட்டின் பெயரோடு நிறுத்திக் கொண்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அதில் ஒரு தலைகீழும் தெரியவில்லை. 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்றுதானே நாம் சொல்கிறோம்? வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறவனுக்கு இது சொந்தக் கால்குலேட்டர் ஐயா!

1988-ல் நான் அமெரிக்காவில் எம்.எஸ். படித்துக் கொண்டிருந்தேன். யூனிவர்சிட்டி புத்தகக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இது திறந்த வாக்கில் உட்கார்ந்திருக்கும். தினமும் போய் தரிசனம் செய்துவிட்டு வருவேன். வரியெல்லாம் சேர்த்து, கையிலிருந்த பணத்துக்கு 41 டாலர் 50 சென்ட் உதைத்தது. அறைத் தோழன் மதுரைக்காரன். "வாயைப் பொளந்துக்கிட்டு எத்தனை நாள்டா நிப்பே?" என்று அந்த 41.50-ஐக் கொடுத்தான்.

அடுத்த மாசமே திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "இருக்கட்டும்டா, வட்டி ஏறட்டும்" என்றவன், கால்குலேட்டரைப் பிடுங்கி, இடது பக்கத்து எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடி ஒரு புரோகிராம் அடித்தான். பெயர் 'கடன்'. தமிழ் எழுத்து ஏது? ஆங்கில எழுத்தில்தான். எத்தனை வருஷம் என்று எண்ணைப் போட்டு அந்தப் பெயரை அழுத்தினால், 41.50-க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்டு வட்டி போட்டு, இன்றைய தேதிக்கு நான் எவ்வளவு தரவேண்டும் என்று காட்டும்.

1993-ல் மதுரையில் அவன் கல்யாணம். மணமேடையில் மாலையும் கழுத்துமாக நின்றவன், நான் நீட்டிய கவரை வாங்கிக் கொண்டு, "எங்கேடா அது?" என்றான். பையிலிருந்து எடுத்தேன். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே திறந்து, 5 போட்டு அழுத்தினான். 73.14. "மொய் வேற, கடன் வேற. பார்த்துக்க!" என்று சொல்லி 'டக்'கென்று மூடித் திருப்பிக் கொடுத்தான். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அப்புறம் எப்போது சந்தித்தாலும் முதல் காரியம் அதுதான். சாப்பிட்டாயா, சௌக்கியமா எல்லாம் பிறகு.

2011-ல் மாரடைப்பில் போய்விட்டான்.

இந்தப் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்துக் கொண்டிருந்தேன். 2003-ல் வேலை விஷயமாக ஒரு ஜெர்மன் என்ஜினீயர் வந்தார். மீட்டிங் நடுவில் அவர் பக்கத்திலிருந்து 'டக்'. நிமிர்ந்தேன். அதே செல்லம்! நானும் என்னுடையதை எடுத்து மேஜையில் வைத்தேன். மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருவிழாவில் காணாமல் போன தம்பியைப் பார்த்த மாதிரி. வீட்டில் இன்னும் மூன்று வைத்திருப்பதாகச் சொன்னார். நாலு வெற்றிலைப் பெட்டி! பாவம், அந்த அம்மாள். மத்தியானம் சாப்பாட்டு வேளை முழுக்க இதே பேச்சுதான். எழுத்து இடது, எண் வலது என்று பிரித்ததால் ஒரே பட்டன் தலையில் நாலு வேலையைக் கட்டவில்லை என்பது அவர் கட்சி. மடித்தால் பட்டனும் திரையும் உள்ளே பத்திரம், தனியாக உறை வேண்டாம் என்பது என் கட்சி. நின்றுகொண்டு வேலை செய்யும்போது இடது பக்கத்தை அப்படியே பின்னால் மடித்துவிட்டு ஒற்றைக் கையில் பிடிக்கலாம் என்பதில் இருவரும் ஒரே கட்சி. இந்த ரகத்து மனுஷர்கள் 1974-லேயே, எச்.பி. 65 வந்த கையோடு, அமெரிக்காவில் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். ரிச்சர்ட் நெல்சன் என்பவர் ஆரம்பித்தது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. இந்த இயந்திரத்துக்கு வாய் உண்டு, காது கிடையாது. தனியாக ஒரு குட்டிப் பிரிண்டர் வாங்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி வழியாக உள்ளே இருப்பதைச் சொல்லும். வெளியிலிருந்து எதையும் ஏற்றமுடியாது. எல்லாவற்றையும் விரலால் அடித்துத்தான் உள்ளே போட வேண்டும். 1990-ல் வந்த எச்.பி. 48-க்குக் காது இருந்தது, திரையும் பெரிசு. ஆனால் மடியாது. உலகம் அந்தப் பக்கம் போயிற்று. 28எஸ் செய்வதை 1992-ல் நிறுத்தினார்கள். நான் மடிப்பின் பக்கமே நின்றுவிட்டேன். பிரிண்டரும் வாங்கவில்லை.

ஞாபகமெல்லாம் செல்லில்தான் நிற்கிறது. பழைய செல்லை எடுத்த கையோடு புதிசைப் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே இருந்தது போயே போச்சு. அதுவும் சாதாரண செல் இல்லை, பென்சில் செல்லை விடக் குட்டையாக 'என்' சைஸில் மூன்று. அமெரிக்காவிலிருந்து வரும் உறவுக்காரர்கள் மற்றவர்களுக்கு சாக்லெட், சென்ட் என்று கொண்டு வருவார்கள். எனக்கு மூணு செல். முப்பத்தைந்து வருஷமாக ஒரு தடவைகூட ஞாபகம் போகாமல் மாற்றியிருக்கிறேன். இத்தனைக்கும் 2006-ல் சைட்டில் நான் கைதவறிப் போட்டதில் செல் மூடி உடைந்து, ரப்பர் பேண்டில்தான் பிழைப்பு.

கோர்ட்டுக்கு வருகிறேன். "வேலை செய்யுதா, காட்டுங்க" என்றாள் ஜட்ஜ். திறந்தேன். திரை ஓரத்தில் செல் தீர்ந்து கொண்டிருக்கிறது என்ற அடையாளம்!

ரிச்சி தெருவுக்கு ஓடினேன். முதல் கடைக்காரர் ரிமோட்டுக்குப் போடும் செல்லை நீட்டி, "சைஸ் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார், போடுங்க" என்றார். பார்த்தால் பன்னிரண்டு வோல்ட். நமக்கு வேண்டியது ஒன்றரை. மூன்றையும் போட்டிருந்தால் போகி அங்கேயே ஆரம்பித்திருக்கும். ஆறாவது கடையில் சரியானது கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும், முன்ஜாக்கிரதையாக, 'கடன்' புரோகிராமை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டேன். ஒரே வரிதான். 35 போட்டு அழுத்தி, வந்த 2191.18-ஐயும் பக்கத்தில் குறித்தேன். "என்னங்க இது, இவ்வளவா?" என்றாள் மனைவி. அப்போதுதான் கதையைச் சொன்னேன். கல்யாணத்தில் அவளும் பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் ஏதோ ஆம்பிளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டாளாம்.

"நான் மூடியைப் பிடிச்சுக்கறேன், நீங்க மாத்துங்க" என்றாள்.

பழையது மூன்றும் வெளியே. புதிசு ஒன்று உள்ளே. இரண்டு உள்ளே. மூன்றாவது என் விரலிலிருந்து வழுக்கித் தரையில் உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. அறுபது வயதுக்கு மேல் சோபாவுக்கு அடியில் படுத்துப் பார்ப்பது சட்டென்று நடக்கிற காரியமா? துடைப்பத்தால் தள்ளி எடுத்துப் போட்டுத் திறந்தேன்.

'மெமரி லாஸ்ட்' என்றது திரை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவன் விரலால் அடித்தது. நோட்டில் இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். அவன் அடித்தது போய்விட்டது.

"படிக்கறேன், அடிங்க" என்று நோட்டை எடுத்துக் கொண்டாள் அவள். "ஒண்ணு புள்ளி ஒண்ணு ரெண்டு... ஸ்வாப்... மேல் அம்பு மாதிரி ஒண்ணு... நாப்பத்தொண்ணு புள்ளி அஞ்சு... பெருக்கல்." அடித்தேன். 'கடன்' என்று பெயர் வைத்தேன். 35 போட்டு அழுத்தினேன். 2225.38.

நோட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"முப்பத்து நாலு டாலர் இருபது சென்ட் ஜாஸ்தி காட்டுது. அந்த ஸ்வாப்பை அடிச்சீங்களா?"

அடிக்கவில்லை. எண் இரண்டும் இடம் மாறாமல் போய்விட்டது. திருத்தி மறுபடி அழுத்தினேன். 2191.18.

"ஹும், இப்போ சரி" என்று கையிலிருந்து வாங்கி, 'டக்'கென்று மூடி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, டிராயரில் அவளே வைத்தாள். பிறகு கூடத்துக்குப் போய் என் பழைய டிரான்சிஸ்டரைத் தூக்கிக் காட்டி, "இது வேணுமா, வேண்டாமா?" என்றாள்.